சந்தை கூடாத வாரம்

"கரண்டு போனா, இதுக்குள்ள இருந்தது எங்கீங்க மேடம் போகுது?"

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்ச் செவிலியர் பாவாயி என்னிடம் கேட்ட கேள்வி இது. கணினியின் நினைவகம் எப்படி இயங்குகிறது என்று நான் படித்ததை வைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அது எப்படிப் போகுதுன்னு சொல்றீங்க. எங்க போகுதுன்னுதானுங்க கேட்டேன்" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. இதை எழுதும் இன்றும் இல்லை.

செய்தி வந்தபோது நான் எங்கள் புள்ளியியல் அலுவலகத்தில் மழை அளவுப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள், மலைமேல் இருக்கும் எங்கள் செம்மேட்டில் வாரச் சந்தை. காலை பத்தரை மணி இருக்கும். இசுமாயில் பாய் வாசலில் வந்து நின்றார். அவர் அடிவாரத்துக்காரர், சந்தையில் கேசட், டார்ச், பேட்டரி விற்பவர். சரக்கு வேன் சந்தை அன்று காலையில் வரும். அவர் மட்டும் முதல் நாளே பஸ்ஸில் ஏறி வந்து இடம் பிடித்து வைப்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை.

"மேடம், நர்சம்மா எறங்கலீங்க."

எனக்குப் புரியவில்லை. அசதியில் தூங்கி, நிறுத்தம் தவறிப் போய்விட்டாரா என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். பஸ்ஸு ஸ்டாண்டுல வந்து நின்னுருச்சுங்க. எல்லாரும் எறங்கிட்டோம். அவங்க மட்டும் எறங்கல."

பாவாயி இரண்டு நாள் விடுப்பில் அடிவாரத்துக்குப் போயிருந்தார். அப்புச்சி ஊரில், அதாவது அம்மாவின் பிறந்த ஊரில், கோயில் கிடாவெட்டு. அன்று காலை முதல் பஸ்ஸில் பாய்க்கு முந்தைய இருக்கையில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். வளைவுகள் தொடங்கினால் அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்பது அவரோடு பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தன.

"நாந்தானுங்க மேடம் சொன்னேன். சத்தம் போடாதீங்க கண்ணு, நர்சம்மா தூங்குறாங்கன்னு. பாவம், அதுக வாயைப் பொத்திக்கிட்டு வந்துச்சுங்க, செம்மேடு வரைக்கும்."

அதைச் சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார். நான் செய்த முதல் காரியம் என்ன என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதிவேட்டில் பாதியில் நின்ற எண்ணை எழுதி முடித்து, பேனாவை மூடினேன்.

மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னார். வயது நாற்பத்து மூன்று. நெஞ்சுவலி என்று அவர் ஒருநாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று மாலையே அடிவாரத்தில் அவருடைய கணவரின் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. செம்மேட்டிலிருந்து ஒரு பஸ் நிறையப் போனோம். அவரை அறிந்த நீங்கள் பலரும் அங்கே இருந்தீர்கள். யாரும் உரக்க அழாததை நீங்களும் கவனித்திருக்கலாம். அழுவதற்கு முதலில் நம்ப வேண்டும். அந்த இடத்துக்கு நாங்கள் யாரும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

இறந்தவர்கள் எல்லோரும் எழுத்தில் நல்லவர்களாகிவிடுவது எனக்குப் பிடிக்காது. எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவாயி பிடிவாதக்காரர். எதிராளி பேசுவதைப் பாதியில் நிறுத்துவார். வாங்கிய பொருளைத் திருப்பித் தர மாட்டார். அவருடைய வீட்டில் இப்போது இருக்கும் கணினி என்னுடையது. அதன் கையேடும் என்னுடையதுதான்.

அந்தக் கணினி வந்த கதையை உங்களில் சிலர் வேறு விதமாகக் கேட்டிருப்பீர்கள். அரசாங்கம் கொடுத்தது என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அப்படி இல்லை. என் தம்பி வெளிநாட்டில் வேலைக்குப் போன புதிதில் ஆசைக்கு வாங்கி வந்தது அது. வெறும் விசைப்பலகை, கணினி முழுவதும் அதற்குள்ளேயே அடக்கம். திரைக்கு வீட்டு டி.வி.யில் மாட்டிக்கொள்ள வேண்டும். எழுதியதைச் சேமிக்க டேப் ரெக்கார்டர். தம்பி அதை மறந்துபோன பிறகு என்னிடம் வந்தது. நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவள். பெரிய கணினிகளின் வாசலில் துளையிட்ட அட்டைகளை அடுக்கிக்கொண்டு நாள் கணக்கில் காத்திருந்தவள். எனக்கு அது விளையாட்டுப் பொருளாகத்தான் தெரிந்தது. மாற்றலாகி இந்த மலைக்கு வந்தபோது பெட்டியோடு வந்து, பரணில் கிடந்தது.

1997இல் ஒருநாள், வீட்டு விவரம் எடுக்க வந்த பாவாயி அதைப் பார்த்துவிட்டார். அவரோடு அதுவரை இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"இது என்னங்க மேடம், டைப் மிஷினா? பேப்பரு எங்க சொருகறது?"

கணினி என்றேன். பழையது, இப்போது பயனில்லை என்றேன்.

"ஓடாதுங்களா?"

"ஓடும். பயன் இல்லை."

"ஓடுறது எப்படிங்க பயனில்லாமப் போகும்?" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டார். நான் சரி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அவருடைய குடியிருப்பு துணை சுகாதார நிலையத்தின் பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் சந்தைத் திடல். ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. அதன் மேல் சின்னக் கறுப்பு வெள்ளை டி.வி. அதில் மாட்டி, சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். திரையில் 'ரெடி' என்ற சொல் வந்தது. அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் மின்னிக்கொண்டு நின்றது.

"இப்ப என்ன பண்ணுதுங்க?"

"நீங்கள் சொல்வதற்காகக் காத்திருக்கிறது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சுவிச்சுப் போட்ட ஒடனே ரெடிங்குதே! எங்க டிபார்ட்மெண்டுல இத்தனை வருசத்துல ஒருத்தரும் அப்படிச் சொல்லலீங்க."

பத்தாம் வகுப்பும் செவிலியர் பயிற்சியும்தான் அவருடைய படிப்பு. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. இதெல்லாம் உங்களுக்குச் சிரமம் என்று சொன்னேன். என் குரலில் என்ன இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அவர் இரண்டு வாரம் கழித்துக் கையேட்டை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்தார். ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ்.

"முழுசா எண்ணிட்டேனுங்க. இந்த மிஷினுக்கே மொத்தம் எழுவது எம்பது இங்கிலீஸ் வார்த்தைதானுங்க தெரியும். எனக்கு அதைவிட ஜாஸ்தி தெரியுமே. அப்புறம் யாருக்குச் சிரமம்?"

தவறான கட்டளைக்கு அது ஒரே மாதிரி ஒரு வரியில் பிழை என்று சொல்லிவிட்டு மறுபடியும் காத்திருக்கும். எனக்கு எரிச்சலூட்டும் அந்தக் குணம் அவருக்குப் பிடித்திருந்தது. "நூறு வாட்டி தப்புப் பண்ணுனாலும் கோவமே வரலீங்க அதுக்கு. எங்க டாக்டரு ரெண்டாவது வாட்டியே பேனாவை எறிவாரு."

ஒவ்வொரு கட்டளை வரிக்கும் எண் கொடுத்துத்தான் அதில் நிரல் எழுத வேண்டும். பத்து, இருபது, முப்பது என்று போவது வழக்கம். ஏன் ஒன்று, இரண்டு என்று போகக் கூடாது என்று கேட்டார். நடுவில் ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தால் இடம் வேண்டுமே என்றேன். "நாளைக்குத் தோணப்போறதுக்கு இன்னிக்கே எடம் விடச் சொல்றான் பாருங்க. இதைக் கண்டுபுடிச்சவன் நல்லா வீடு கட்டத் தெரிஞ்சவனா இருக்கோணும்." அதன் பிறகு அவருடைய கர்ப்பிணிப் பதிவேட்டிலும் இரண்டு பெயருக்கு நடுவில் ஒரு வரி காலியாக இருக்கத் தொடங்கியது. தாளை வீணாக்குவதாக மேலதிகாரி ஒருவர் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பும் அந்தக் காலி வரி ஒன்றில்தான் இருக்கிறது.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவர் அடித்த முதல் நிரல், மின்சாரம் போய் அழிந்தது. அன்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். மறு சந்தையில் இசுமாயில் பாயிடம் பழைய பாட்டுக் கேசட் ஒன்றை வாங்கி அதன் மேல் பதிவு செய்யப் பழகினார். கணினி தன் எழுத்தையெல்லாம் கீச்சென்ற சத்தமாக்கித்தான் டேப்பில் பதியும். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க, சந்தை நாளில் பாயின் பெரிய ரெக்கார்டரில் போட்டுக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஏனுங்க நர்சம்மா, இது எந்தப் படமுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"இன்னும் ரிலீஸ் ஆகலீங்க" என்றார் பாவாயி.

கேசட்டில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது தொல்லை. அதற்கு அவரே ஒரு வழி கண்டார். நிரலைப் பதிவதற்கு முன் மைக்கைச் செருகித் தன் குரலில் ஒரு வரி சொல்லிவிடுவார். "ஆவணி, ரெண்டாஞ் சந்தை. எல்லாம் சரிங்க." அதற்குப் பின் கீச்சொலி. மிஷினுக்கு எதற்கு 'ங்க' என்று நான் ஒருமுறை கேலி செய்தேன். "மிஷினுக்கு இல்லீங்க. நாளைக்கு இதை யாரு கேக்கப் போறாங்கன்னு தெரியாதில்லீங்களா" என்றார்.

இனி, அந்த நிரல் எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். பாவாயியின் பொறுப்பில் இருந்த ஊர்களில் பாதிக்கு ரோடு இல்லை. பிள்ளைப்பேற்று வலி எடுத்த பிறகு தூளியில் தூக்கிக்கொண்டு ஓடினால் பல நேரம் காலம் கடந்துவிடும். நாள் நெருங்கும் முன்பே பெண்ணை அழைத்து வந்து செம்மேட்டில் தங்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவர் பிடித்த பிடிவாதம். அதற்கு நாள் தெரிய வேண்டும். தேதி கேட்டால் அந்தப் பெண்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வீட்டு விலக்கான வாரம் அவர்கள் சந்தைக்கு வருவதில்லை. கடைசியாக எந்தச் சந்தைக்கு வரவில்லை என்பதும், அதற்குப் பிறகு எத்தனை சந்தை போயிற்று என்பதும் அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். நாற்பது வாரம் என்றால் நாற்பது சந்தை. பாவாயியின் நிரல் தேதியைக் கேட்கவே கேட்காது. எத்தனை சந்தை, ரோட்டுக்கு எத்தனை மணி நேர நடை என்ற இரண்டையும்தான் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில் கேட்கும். பிறகு, யாரை முதலில் அழைத்து வர வேண்டும் என்று வரிசையாகப் பட்டியல் தரும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதுமே என்றேன். "நோட்டு நான் எழுதுன வரிசையிலதானே இருக்குங்க. வாரா வாரம் அதுவே வரிசை மாறுமா?" என்று கேட்டார். நான் நிரலைத் தாளில் எழுதி வாங்கி, வரி வரியாகச் சரிபார்த்தேன். சந்தையை ஏழால் பெருக்கினால் நாள். பிழை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொன்னேன்.

தேவனூர் நாட்டுப் பொன்னியை (இந்த மலையில் ஊர்த்தொகுப்புக்கு நாடு என்று பெயர்) அவர் பதிந்தபோது நான் அங்கே இருந்தேன். மாமியார் கூட வந்திருந்தார்.

"எத்தனை சந்தையாச்சு கண்ணு?"

"இருவத்தாறுங்க."

"நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு சாமி."

பொன்னி மாமியாரைப் பார்த்தாள். அவர், "இருவத்தாறுதானுங்க நர்சம்மா. அந்தச் சந்தைக்கு இவ வரலீன்னு நாந்தான் மொளகு மூட்டையைச் சொமந்துக்கிட்டு வந்தேன். முதுகு மறக்குமுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பாவாயி இருபத்தாறு என்று அடித்தார்.

முப்பத்தெட்டாம் வாரத்தில் அழைத்து வருவது அவர் வைத்திருந்த கணக்கு. திரையில் இருந்த கணக்குப்படி முப்பத்தேழாம் வாரத்தில் பொன்னிக்கு வலி எடுத்தது. அடுத்த வாரம் அழைத்து வர வேண்டியவர்களின் வரிசையில் அவள் பெயர் இருந்தது. ரோட்டுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும்போது தூளியிலேயே பிள்ளை பிறந்தது. குறுக்காக இருந்த பிள்ளை. பொன்னி பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அது முழு வளர்ச்சி அடைந்த பிள்ளை என்பதை பாவாயி பார்த்த உடனே கண்டுகொண்டார். நாள் முந்திப் பிறந்த பிள்ளை அல்ல. அப்படியானால் கணக்குப் பிழை. இரண்டு நாள் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்து மழைப் பதிவேட்டைக் கேட்டார். ஐப்பசி மாதப் பக்கத்தில் விரல் வைத்தார்.

"இந்த ரெண்டு வாரம் ரோட்டுல பாறை உருண்டு கெடந்துச்சில்லீங்க மேடம். லாரி வரல, பஸ்ஸு வரல. சந்தை கூடல."

கூடாத சந்தையை யார் எண்ணுவார்கள்? முதுகு சுமந்த சந்தைகளைத்தான் மாமியார் சரியாக எண்ணியிருந்தார். அந்தக் கணக்கில் பிசகு இல்லை. இடையில் போன இரண்டு வாரம்தான் கணக்கில் இல்லை. கையால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பவர்களுக்கு இரண்டு வாரம் முன்பின் தெரியாது. ஆனால் அந்த இரண்டு வாரமும் எவ்வளவு மழை பெய்தது என்று நாள் வாரியாக என் கையெழுத்தில், என் மேசையில் இருந்தது. நிரலைச் சரிபார்த்தவளும் நான்தான்.

மிஷினை நம்பியதால் வந்த வினை என்று நான் சொன்னேன். குற்ற உணர்வில் வந்த பேச்சு அது. வேறு எதன் மேலாவது போட வேண்டியிருந்தது. பாவாயி என் மேலும் போடவில்லை, அதன் மேலும் போடவில்லை. "அது நாம கேட்டதுக்குத்தானுங்க பதில் சொல்லுச்சு. நாம கேட்டதுதான் பத்தல" என்றார். பொன்னியின் வீட்டுக்கு நடந்தே போய், மாமியாரின் முன்னால் உட்கார்ந்து, "உங்க கணக்கு சரிங்க, என்ற கணக்குதான் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டில் அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நிரலின் முதல் கேள்வி மாறியது. சுவிட்சைப் போட்டு ஓடவிட்டால், வேறு எதையும் செய்வதற்கு முன் அது ஒரு கேள்வி கேட்கும்: இந்த வாரம் சந்தை கூடுச்சா? ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் சுழி. சுழி அடித்தால், கடைசியில் ஒரு புது வரி சேர்த்து இந்த வாரத்தை அதில் எழுது என்று சொல்லும். எழுதிவிட்டால், பெண்கள் எண்ணாமல் விட்ட அந்த வாரத்தை அதுவே கணக்கில் கூட்டிக்கொள்ளும். பத்து பத்தாக விட்டிருந்த இடைவெளியில் ஐந்து என்று முடியும் ஒரு வரியைப் புகுத்தி அந்தக் கேள்வியை அவர் நுழைத்திருந்தார். ஒவ்வொரு சந்தையன்றும் ஜன்னலைத் திறந்து, திடலைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பதில் அடிப்பார். அன்று சந்தை கூடியிருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் அடிப்பார்.

அதற்குப் பிறகு அப்படி ஒரு பெயர் தவறவில்லை. இதை நான் அவரிடம் ஒருநாளும் பாராட்டிச் சொன்னதில்லை. பாராட்டு என் வாயில் எளிதில் வராது. அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. ஐந்து ஆண்டும் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். அக்கா என்று கூப்பிடச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தபோது அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வண்ணத் திரை, எலிபோல ஒரு கருவி, தூசி படாமல் உறை, இயக்குவதற்கென்று ஒரு பணியாளர். பாவாயி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். படங்கள் அழகாக இருக்கின்றன என்றார். இதில் நாம் சொல்வதை எங்கே எழுதுவது என்று கேட்டார். அதற்குத் தனி மென்பொருள் வேண்டும், சென்னையில் செய்து அனுப்புவார்கள் என்றார் பணியாளர்.

வெளியே வந்ததும் பாவாயி சொன்னது: "பழசு, என்ன பண்ணட்டும்னு நம்மளக் கேக்குதுங்க. புதுசு, என்ன பண்ணலாம்னு நம்மளுக்குச் சொல்லுது. என்னை மாதிரி ஆளுக்குப் பழசே போதுமுங்க."

இது முழுக்கச் சரியான பேச்சு என்று நான் நினைக்கவில்லை. புதியதிலும் எழுதலாம், கற்றால் முடியும். ஆனால் எங்கே கற்பது என்று ஒரு செவிலியருக்கு வழி காட்டும் எதுவும் அந்தத் திரையில் இல்லை என்பது உண்மை. பல்கலைக்கழகத்தில் நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்த ஒன்றை, அந்தப் பழைய பெட்டி ஜன்னல் ஓர மேசைக்குக் கொண்டு வந்தது. வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பென்சில் எழுத்துகளோடு இப்போது என்னிடம் திரும்பி வந்த அந்தக் கையேடு. என் பதிவேடுகளில் இரண்டு வரிக்கு நடுவே இப்போது நானும் விடும் காலி இடம். விடை சரியாக இருந்தாலும் கேட்டது போதுமா என்று ஒருமுறை நின்று பார்க்கும் பழக்கம். அப்புறம் ஒரு சாவி.

சாவியை அடக்கம் முடிந்ததும் அவருடைய கணவர் கொடுத்தார். அடிவாரத்தில் சொந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுபவர். "அந்த டிவிப் பொட்டி இருக்கற ரூமு சாவிங்க. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுங்க. அவ இருந்தா உங்ககிட்டத்தான் குடுக்கச் சொல்லுவா" என்றார். இருந்தால் ஏன் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு அறையைத் திறந்தேன். அவருக்குப் பதிலாக இன்னும் யாரும் வரவில்லை. நான் ஜன்னலைத் திறக்காமல், டேப்பைக் கடைசிப் பதிவு வரை ஓட்டினேன். குரல் வந்தது. "பொரட்டாசி, மூணாஞ் சந்தை. எல்லாம் சரிங்க." பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது. அதற்குப் பின் கீச்சொலி. அந்தக் குரல் அதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரமாக டேப்பை நிறுத்தினேன். கணினியில் ஏற்றிப் பார்த்தேன். முதல் முறை பிழை. இரண்டாம் முறையும் பிழை. ஒவ்வொரு முறையும் பின்னால் ஓட்டினால் அந்தக் குரலைக் கேட்க வேண்டும். நான்காம் முறை ஏறியது.

இந்த வாரம் சந்தை கூடுச்சா?

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். திடலில் ஒரு கடையும் இல்லை. இசுமாயில் பாயும் மற்ற வியாபாரிகளும் கடை போடுவதில்லை என்று முந்தைய நாள் அடக்கத்திலேயே பேசி முடிவு செய்திருக்கிறார்கள். வாழைத்தார் கொண்டு வந்தவர்கள் இறக்காமல், வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தார்கள். சுழி அடித்தேன். புது வரி சேர் என்றது. கடைசி வரி தொள்ளாயிரத்து நாற்பது. தொள்ளாயிரத்து ஐம்பது என்று போட்டு அந்த வாரத்தை எழுதினேன். பட்டியல் வந்தது. முதல் பெயர் வெள்ளச்சி, குண்டனி நாடு. இந்த வாரம் அழைத்து வர வேண்டியவள்.

மின்சாரம் எப்போது வேண்டுமானாலும் போகும். முதலில் டேப்பில் பதிய வேண்டும். மைக்கைச் செருகி, "பொரட்டாசி, நாலாஞ் சந்தை. சந்தை கூடலீங்க" என்று சொல்லிவிட்டுப் பதிந்தேன்.

தகவல் தெரியாமல் வருபவர்களிடம் சொல்வதற்காகப் பாய், முதல் நாளே சரக்கு ஏற்றியிருந்த தன் வேனிலேயே வந்து திடல் ஓரத்தில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பெட்டிகளை எங்கள் அலுவலக வராந்தாவில் இறக்கி வைத்தார். "நாம போய்க் கூப்பிட்டா அனுப்புவாங்களா மேடம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ரோடு முடியும் இடம் வரை வேனில் போய், அங்கிருந்து நடந்தோம். செய்தி அந்த ஊருக்கு இன்னும் போயிருக்கவில்லை.

வெள்ளச்சி வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். "நர்சம்மா வரலீங்களா?"

நேற்று பஸ்ஸில் வரும்போது இறந்துவிட்டார் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என் முகத்தையும் பாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப இன்னிக்குச் சந்தை?"

"கூடல."

"நர்சம்மா சொல்லிருக்காங்க, கூடாத சந்தையைச் சொல்லோணும்னு. அதை எண்ணோணுங்களா, வேண்டாங்களா?"

"நீ எண்ண வேண்டாம்மா. அதில் எழுதியாயிற்று" என்றேன்.

அவள் எழுந்து கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். மாமியார் துணி மூட்டையை எடுத்து வந்தார். நடையும் வேனுமாகத் திரும்ப மூன்று மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் வெள்ளச்சி ஜன்னல் ஓரம் கண்ணை மூடியபடியே வந்தாள். பாய் நாலைந்து முறை திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் ஒவ்வொரு முறையும் "என்னங்க?" என்றாள்.

செம்மேட்டில் வேன் நின்றது. கதவைத் திறந்துவிட்டு இருவரும் ஒதுங்கி நின்றோம். வெள்ளச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானாகவே இறங்கினாள்.